அஸ்ரக் சாலையில் ஒரு நாள்

புனித நாட்டுத் திருப்பயணம் சென்று திரும்புவோர் எருசலேமைப் பற்றி எழுதுவர். பெத்லகேமைப் பற்றி எழுதுவர். கலிலேயக் கடலில் படகேறிய மகிழ்ச்சியைப் பற்றி எழுதுவர். நாமும் அவ்வாறே எழுதும் எண்ணத்தோடு குறிப்பேடு ஒன்றை வாங்கிச் சென்றிருந்தோம். ஆனால் ஊர் திரும்பி அவ்வேட்டைப் புரட்டியபோது, அதன் பக்கங்களை மிகுதியாக நிரப்பியிருந்தது நம் பயணத் திட்டத்திலேயே இடம்பெறாத ஓர் ஊர் என்பதைக் கண்டோம். ஜோர்டான் நாட்டின் கீழ்த்திசைப் பாலைநிலத்தில் உள்ள அஸ்ரக் என்னும் அவ்வூரைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். பிள்ளைகளையும் கணவன்மாரையும் கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பிவிட்டு, செய்தி கேட்கும்போதெல்லாம் நெஞ்சம் பதறும் குடும்பங்கள் நம் மறைமாவட்டத்தில் பலவாதலின், இது அவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறோம்.

2023ஆம் ஆண்டு சனவரி இறுதி வாரத்தில், நம் பங்கினரும் அண்டைப் பங்கினருமாக 34 பேர் அம்மான் நகரில் சென்று இறங்கினோம். ஜோர்டானின் தலைநகராகிய அம்மான், ஏழு குன்றுகளின்மேல் எழுந்த நகரம் என்பர். இன்று அது இன்னும் பல குன்றுகளின்மேல் ஏறிப் பரந்து கிடக்கிறது. வெண்ணிறக் கல் வீடுகள் சரிவுகளில் வரிசை வரிசையாக நிற்கின்றன. பழைய ஏற்பாட்டுக் காலத்தில் அம்மோனியரின் இரபா நகர் இதுவே. பின்னர் பிலதெல்பியா என்று பெயர் பெற்றது. ஏறத்தாழ 6,000 பேர் அமரத்தக்க உரோமை அரங்கு இன்றும் நகரின் நடுவே சிதையாமல் விளங்குகிறது. நாம் சென்ற காலம் கடுங்குளிர்காலம். தென்கோடிக் கடற்கரையில் வாழும் நம் மக்கள் கம்பளி ஆடைக்குள்ளும் நடுங்கிக்கொண்டிருந்தனர்.

27ஆம் நாள் வெள்ளிக்கிழமை மதபா நகருக்குச் சென்று, புனித ஜார்ஜியார் ஆலயத் தரையில் வண்ணக் கற்களால் பதிக்கப்பட்ட ஆறாம் நூற்றாண்டு வரைபடத்தைக் கண்டோம். எருசலேமின் மதிலும் வாயில்களும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. அங்கிருந்து நெபோ மலையேறினோம். வாக்களிக்கப்பட்ட நாட்டை மோசே கண்ணால் மட்டும் கண்டு, அதில் கால் வைக்காமலே உயிர் நீத்த இடம் அது. பிரான்சிஸ்கு சபைத் துறவியர் காத்துவரும் ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்றிவிட்டு, மலை விளிம்பில் நின்று சாக்கடலையும் யோர்தான் பள்ளத்தாக்கையும் நோக்கினோம். மறுநாள் காலையில் பாலம் கடந்து அக்கரை செல்வதாகத் திட்டம்.

அத்திட்டம் நிறைவேறவில்லை. அதற்கு முந்திய நாள்தான் மேற்குக்கரையின் ஜெனின் நகரில் இஸ்ரயேல் படையினர் நடத்திய தேடுதலில் பலர் உயிரிழந்திருந்தனர். வெள்ளியன்று இரவு எருசலேமில், யூதத் தொழுகைக்கூடம் ஒன்றன் அருகே நடந்த துப்பாக்கிச் சூட்டில் 7 பேர் மாண்டனர் என்ற செய்தி வந்தது. நம் வழிகாட்டி, ஒரு நாள் பொறுத்துப் போவதே நலம் என்றார். செய்தி நமக்கு எட்டுமுன்னரே நம் ஊருக்கு எட்டிவிட்டது போலும்! இரவெல்லாம் கைப்பேசிகள் ஒலித்தன. அழுத தாயார் உண்டு. உடனே திரும்பிவரச் சொல்லிக் கண்டித்த மகன் உண்டு. விடுதி அலுவலகத்தில் பதிவுக்காகக் கொடுத்திருந்த கடவுச்சீட்டுகளைத் திரும்பக் கேட்டு நம் மக்கள் கூட்டமாக இறங்கி ஓடினர். நாமும் ஓடினோம் என்பதை மறைப்பானேன்? அயல்நாட்டில் அமைதி குலையும்போது மனிதன் முதலில் தேடுவது அந்தச் சிறு நூலைத்தான்.

ஓடாதவர் ஒருவர் மட்டுமே. அவர் நம் பங்கைச் சேர்ந்த பெரியவர். அப்போது அவருக்கு வயது 68. விடுதியில் நுழைந்த அன்றே பதிவு முடிந்தவுடன் தம் கடவுச்சீட்டை மேசையருகே நின்று கேட்டு வாங்கிச் சட்டையின் உட்பைக்குள் வைத்துக்கொண்டவர் அவர். "சாமி, இந்த ஊர் வழியாக நான் முன்பு ஒரு முறை வந்திருக்கிறேன். அப்போது படித்த பாடம்" என்று சொல்லிச் சிரித்தார். மறுநாள் காலை மற்றவர்கள் உரோமை அரங்கைப் பார்க்கப் புறப்பட்டபோது அவர் நம்மிடம் தனியே வந்து, "கிழக்கே அஸ்ரக் என்று ஓர் இடம் இருக்கிறது சாமி. நூறு கிலோமீட்டர்தான். என்னோடு வருவீர்களா? தனியாகப் போக மனம் துணியவில்லை" என்றார். வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு இருவரும் புறப்பட்டோம்.

அம்மானைவிட்டுக் கிழக்கே செல்லச் செல்ல மரஞ்செடிகள் குறைந்து, நிலம் பழுப்பும் கருமையுமாக மாறிவிடுகிறது. வழியில் கரானா என்னும் பழங்கோட்டை சாலையோரத்தில் சதுரமாகத் தனித்து நிற்கிறது. சிறிது தொலைவில் அம்ரா என்னும் சிறு மாளிகை. உமையா மரபினர் காலத்துச் சுவரோவியங்களுக்காக 1985இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. இந்தச் சாலைதான் அஸ்ரக்கைக் கடந்து இராக் எல்லைக்கும், அங்கிருந்து பாக்தாதுக்கும் செல்கிறது. எதிரே சரக்கு வண்டிகள் வந்தவண்ணம் இருந்தன. பெரியவர் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

1979 முதல் அவர் குவைத்தில் ஒரு நிறுவனத்தின் தொழிலாளர் விடுதியில் சமையற்காரராக இருந்தார். 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் வியாழக்கிழமை விடியுமுன் இராக் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. காலையில் ரொட்டி வாங்கச் சென்றவர் சாலையில் பீரங்கி வண்டிகளைக் கண்டு வெறுங்கையோடு திரும்பினார். சில நாட்களில் அந்நாட்டு அரசே இல்லாமற் போயிற்று. ஆகஸ்டு 8ஆம் நாள் குவைத்தைத் தன்னோடு இணைத்துவிட்டதாக இராக் அறிவித்தது. அப்போது அங்கு வாழ்ந்த இந்தியர் ஏறத்தாழ 1,70,000 பேர். வங்கிகள் மூடின. சேமித்த தினார் மதிப்பிழந்து தாளாயிற்று. உழைப்பதற்காகச் சென்ற நாட்டில் யாரிடம் சென்று முறையிடுவது என்று தெரியாத நிலை.

"எங்கள் கடவுச்சீட்டுகள் எல்லாம் முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தன சாமி. முதலாளி கோடை விடுமுறைக்கு வெளிநாடு போயிருந்தார். அலுவலகத்தில் எகிப்து நாட்டு எழுத்தர் ஒருவர் இருந்தார்; சாவி அவரிடம். ஒன்பதாம் நாள் அவர் நான்கு மைல் நடந்துவந்து ஒரு துணிப்பையை என் கையில் தந்தார். உள்ளே எங்கள் கடவுச்சீட்டுகள். தம் வேலை போகும் என்று அவர் நினைக்கவில்லை" என்றார் பெரியவர். அடுத்த விடுதியில் இருந்தோருக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. இந்தியத் தூதரகத்தார் தரும் அவசரச் சான்றிதழுக்காக அவர்கள் நெடுநாள் காத்திருந்தனர்.

இங்கு வாசகர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு, 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய அரசின் உடைமை. அதைப் பூட்டிவைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. 1990 டிசம்பர் 18ஆம் நாள், அதாவது அந்நிகழ்ச்சிகள் நடந்த அதே ஆண்டில், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை புலம்பெயர் தொழிலாளர் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. தொழிலாளியின் அடையாளத் தாள்களை அதிகாரமற்றவர் பறிப்பது சட்டவிரோதம் என்று அதன் 21ஆம் பிரிவு கூறுகிறது. அவ்வுடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை. ஆயினும் அதிலுள்ள நியாயத்தை யார் மறுக்க முடியும்?

அன்று மேலைநாட்டினர் பலர் வெளியேற விடப்படாமல், 'விருந்தினர்' என்ற பெயரில் இராக்கில் தடுத்து வைக்கப்பட்டனர், டிசம்பரில்தான் விடுபட்டனர். பிற நாட்டினரைத் தடையின்றி வெளியேற விடுமாறு ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை ஆகஸ்டு 18ஆம் நாள் 664ஆம் தீர்மானத்தால் கோரியது. இந்தியருக்கு வழி திறந்தது. அன்றைய வெளியுறவு அமைச்சர் ஐ. கே. குஜ்ரால் பாக்தாதுக்கே சென்று பேசினார். குவைத்திலுள்ள தூதரகங்களை மூடிவிட இராக் கெடு விதித்தபோது நம் தூதரகம் பாஸ்ரா நகருக்கு மாறியது. குவைத்திலிருந்த இந்தியர் பகுதி பகுதியாகத் தாங்களே கூடிப் பெயர்ப் பட்டியல் எழுதினர். பேருந்துகளை வாடகைக்குப் பிடித்தனர். பாஸ்ரா, பாக்தாது வழியாக ஜோர்டான் எல்லைக்கு வந்து, அம்மானில் விமானம் ஏற வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகஸ்டு 13 முதல் அக்டோபர் 11 வரை, 59 நாட்களில் ஏர் இந்தியா 488 முறை பறந்து 1,11,000க்கும் மேற்பட்டோரை ஊர் சேர்த்தது. குடிமக்கள் விமான நிறுவனம் ஒன்று இத்தனை பேரை மீட்டது அதற்குமுன் உலகில் நடந்ததில்லை.

நம் பெரியவர் தம் விடுதிக்கான பட்டியலை எழுதியவர். பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு ஒன்றில் 42 பெயர், கடவுச்சீட்டு எண், ஊர், இரத்த உறவினர் பெயர் என்று வரிசையாக எழுதினார். ஆகஸ்டு இறுதியில் பேருந்து புறப்பட்டது. நான்கு நாள் பயணம். எல்லையை அடைந்தபோது, இரு நாட்டுச் சாவடிகளுக்கும் இடையிலுள்ள வெறும் நிலத்தில் மக்கள் கடல்போல் கிடந்தனர். ஷாலான் என்று அவ்விடத்தைக் குறித்தனர். பகலில் கொதிக்கும் மணல், இரவில் குளிர், கூடாரத்துக்குள் தேள். தண்ணீர் வண்டி வந்தால் வலியவர் முன்னே. ரொட்டியை வண்டியிலிருந்து எறிவார்கள். எட்டிப் பிடித்தவர் தின்பார். இந்தியர், வங்கதேசத்தார், இலங்கையர், பிலிப்பினர், எகிப்தியர் என எத்தனை நாட்டினர்! "சமையற்காரனுக்குப் பந்தி வைக்கத் தெரியாதா சாமி? நோட்டை எடுத்துக்கொண்டு நின்று, பெயர் வாசித்து, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் கொடுத்தோம். இரண்டாம் நாளிலிருந்து எங்கள் வரிசையில் தள்ளுமுள்ளு இல்லை" என்றார். பிறகு அவர்கள் அஸ்ரக் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து அம்மான் சென்று விமானம் ஏறினர்.

இதைக் கேட்டு நாம் ஜோர்டான் நாட்டை நினைத்து வியந்தோம். அன்று அந்நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 35 இலட்சம். வளமான நாடன்று, எண்ணெய் வளம் மிகக் குறைவு, குடிநீரும் போதாது. ஆயினும் சில மாதங்களில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட அயலார் அதன் வழியே கடந்தனர். செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கத்தாரும், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினரும் கூடாரங்களில் தொண்டு செய்தனர். சர்வதேச குடிபெயர்வு அமைப்பு விமானங்களை ஏற்பாடு செய்து, வழியற்ற ஏழை நாட்டவரை ஊருக்கு அனுப்பியது. நாம் சென்ற ஆண்டிலும் அஸ்ரக் அருகே சிரியா நாட்டு அகதிகளுக்காக 2014இல் திறந்த பெருமுகாம் இருந்தது. வருவோரை ஏற்பது இந்தச் சாலைக்குப் பழகிய தொழில் போலும்.

அஸ்ரக் என்றால் அரபு மொழியில் நீலம் என்று பொருள். பாலையின் நடுவே நீல நீர் நிறைந்த சோலையாக ஒருகாலத்தில் விளங்கியதால் அப்பெயர். நகரங்களின் தாகத்துக்காக நிலத்தடி நீரை இறைத்து இறைத்து, 1992இல் ஊற்றுகள் வற்றிப்போயின. இப்போது ஒரு சிறு பகுதியில் நீர்விட்டுக் காக்கிறார்கள். ஊரிலுள்ள கோட்டை முழுதும் கரிய எரிமலைக் கல். அதன் வாயிற்கதவுகூடக் கல்லால் ஆனது. ஆங்கிலேயப் படையதிகாரி லாரன்சு 1917ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தங்கிய இடம் என்று சொல்லி அங்கே ஓர் அறையைக் காட்டுகின்றனர். பெரியவர் கோட்டையைப் பார்க்கவில்லை. ஊருக்கு வெளியே, கருங்கற்கள் சிதறிய ஒரு வெற்று வெளியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கூடாரங்கள் நின்ற இடம் இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று கைகாட்டினார். அங்கே அடையாளம் எதுவும் இல்லை. குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது.

சிறிது நேரத்துக்குப்பின் அவர் சொன்னார்: "சாமி, நான் இங்கே வந்தது கூடாரத்தைப் பார்க்க அல்ல. என்னோடு நான்கு வருடம் ஒரே அடுப்பில் நின்ற வங்கதேசத்துப் பையன் ஒருவன் இருந்தான். அப்பா என்றுதான் என்னைக் கூப்பிடுவான். பட்டியல் எழுதிய அன்று அவனும் வந்து நின்றான். பேருந்து இந்தியருக்கு மட்டும் என்றார்கள். 'உன் தூதரகம் வரும், கவலைப்படாதே' என்றேன். அவனுடைய கடவுச்சீட்டு அந்தத் துணிப்பையில் இல்லை; வேறு இடத்தில் இருந்தது. பேருந்தில் இடம் இருந்தது சாமி. கடைசி இருக்கையில் அரிசி மூட்டை வைத்துக்கொண்டு வந்தோம். 42 பெயர் எழுதிய கை, 43ஆவதை எழுதவில்லை."

வங்கதேசத்தாரும் பல்லாயிரவர் இதே வழியில் வந்து விமானம் ஏறினர் என்பதை நாம் எடுத்துச் சொன்னோம். "போயிருப்பான் சாமி. நல்லபடியாகப் போயிருப்பான். ஆனால் நான் எழுதவில்லையே" என்றார். நாம் குருத்துவப் பணியில் எத்தனையோ பேரின் மனச்சுமையைக் கேட்டிருக்கிறோம். அன்று அந்தக் கல்வெளியில் விடை சொல்ல நமக்குச் சொல் கிடைக்கவில்லை. இருவரும் நின்று செபமாலையில் ஐந்து மணி சொன்னோம்; அவ்வளவே.

வண்டியோட்டியவர் நாற்பதைக் கடந்தவர். பெரியவர் கண்ணைத் துடைப்பதைக் கண்டு அரபு மொழியில் ஏதோ கேட்டார். பெரியவரும் அரபிலேயே விடை சொன்னார். 'குவைத்' என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் மாறியது. "அம்மோ, நானும் குவைத்தில் பிறந்தவன்" என்றார். அம்மோ என்பது நம் வழக்கில் சித்தப்பா, பெரியப்பா என்பதற்கு ஒப்பான சொல். அவர் பாலஸ்தீனர். ஹவல்லி என்னும் பகுதியில் பிறந்தவர். தந்தை பள்ளி ஆசிரியர். போருக்குமுன் குவைத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் பாலஸ்தீனர் வாழ்ந்தனர். அவர்கள் தலைவர்கள் இராக் பக்கம் சாய்ந்தனர் என்ற சினத்தால், 1991இல் குவைத் விடுபட்டபின் அவர்களில் பெரும்பாலோர் அங்கே வாழ முடியாமற் போயிற்று. தலைவர்கள் பேசிய பேச்சுக்குப் பள்ளி ஆசிரியரும் கடைக்காரரும் விலை கொடுத்தனர்.

அவர் சொன்னதைப் பெரியவர் நமக்கு மொழிபெயர்த்தார்: "எங்கள் தந்தையிடம் ஜோர்டான் கடவுச்சீட்டு இருந்தது. ஆகவே இங்கே வந்து சேர்ந்தோம். எங்கள் அடுத்த வீட்டார் காசாப் பகுதியினர். அவர்களிடம் எகிப்து தந்த பயண ஆவணம் மட்டுமே. அதைக் கொண்டு எகிப்துக்குள்கூட நுழைய முடியாது. ஒரே தெரு, ஒரே பள்ளி, ஒரே குண்டுச் சத்தம். அவரவர் கையிலிருந்த தாள் வேறு." ஒரே நகரில், ஒரே கலகத்தில் வாழ்ந்தோரில் சிலரை மீட்க விமானம் வந்தது, சிலருக்கு எல்லை திறந்தது, சிலருக்கு எதுவும் திறக்கவில்லை. அயல்நாட்டில் வாழ்வோரின் பாதுகாப்பு என்று நாம் பேசும்போது, அது பெரும்பாலும் யாருடைய பட்டியலில் ஒருவர் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று அன்று உணர்ந்தோம். மாலையில் கூலியைக் கொடுத்தபோது அவ்வோட்டுநர் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். பெரியவர் வாங்க மறுக்க, இருவரும் அம்மான் தெருவில் நின்று வாதாடிய காட்சி இன்னும் கண்முன் நிற்கிறது.

மறுநாள் பாலம் திறந்திருந்தது. எருசலேம் சென்றோம், தலங்களைத் தரிசித்தோம், நலமே திரும்பினோம். ஆனால் அந்த ஆண்டு அப்பாடத்தை நமக்கு மறக்கவிடவில்லை. ஏப்ரல் மாதத்தில் சூடானில் படைத்தலைவர்களுக்குள் போர் மூண்டது. நம் நாட்டார் போர்ட் சூடான் துறைமுகம் வந்து, ஜெட்டா வழியாக மீட்கப்பட்டனர். 2011இல் லிபியாவிலிருந்தும், 2015இல் ஏமனிலிருந்தும் நடந்தவை போன்ற மீட்புதான் அதுவும். ஏமனில் நம் கப்பல்களும் விமானங்களும் நாற்பதுக்கும் மேற்பட்ட பிற நாட்டினரையும் ஏற்றிவந்தன. எல்லாக் கதையும் இவ்வாறு முடிவதில்லை. 2014இல் இராக்கில் சிக்கிய 46 செவிலியர் நலமாகத் திரும்பினர். அதே ஆண்டில் மோசூல் அருகே பிடிபட்ட இந்தியத் தொழிலாளர் 39 பேர் கொல்லப்பட்டனர் என்பது 2018இல்தான் உறுதியாயிற்று.

ஆகவே, பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களுக்குப் பெரியவர் வாயிலாக நாம் அறிந்தவற்றைச் சொல்கிறோம். கடவுச்சீட்டு, விசா, அந்நாட்டு அடையாள அட்டை, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் ஒன்று வீட்டிலும், ஒன்று பிள்ளையின் கைப்பேசியிலும் இருக்கட்டும். சென்று சேர்ந்தவுடன் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். முகவரி மாறினால் மறுபடியும் பதியட்டும். ஒரு வார உணவுக்கும் நீருக்கும், உண்ணும் மருந்துக்கும் வழி செய்து, கொஞ்சம் பணத்தை ரொக்கமாக வைத்திருக்கட்டும். கலகம் மூளும்போது கூட்டத்தை வேடிக்கை பார்க்கவும், படமெடுக்கவும், அந்நாட்டு அரசியலில் வாய்கொடுக்கவும் வேண்டாம். பெரும்பாலும் வீட்டுக்குள் அமைதியாக இருந்து தூதரகம் சொல்லும் வழியில், சொல்லும் நேரத்தில் புறப்படுவதே பாதுகாப்பு. தனியே ஓடியவரைவிடச் சேர்ந்து நின்றவரே நலமாக வந்தனர் என்பார் பெரியவர். குடும்பத்தாரோ, கேட்டதையெல்லாம் பரப்பாமல் ஒருவர் மட்டும் ஒரு நேரம் குறித்துப் பேசுவது நலம். ஆளுக்கு ஆள் அழைத்து அழுதால், ஆபத்தில் இருப்பவரின் கைப்பேசி மின்னூட்டமும் மனத்திடமும் ஒன்றாகத் தீரும்.

திரும்பி வந்தபின்னும் தாள்களை எறிந்துவிடாதீர்கள். அந்த 1990ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் நட்டமடைந்தோருக்கு ஈடு வழங்க, ஐக்கிய நாடுகள் அவை 1991இல் ஜெனீவாவில் ஓர் ஆணையம் அமைத்தது. நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த தனியாளுக்கு 2,500 டாலரும், வேறு வகையில் கோருவதில்லை என்று ஒப்பியவர்க்கு 4,000 டாலரும் வழங்கப்பட்டன. எல்லா வகை இழப்புக்குமாக 5,240 கோடி டாலரை ஈராண்டு மூவாண்டில் அல்ல, 2022ஆம் ஆண்டு வரையில் இராக் செலுத்தி முடித்தது. தம் கடவுச்சீட்டில் இருந்த எல்லை முத்திரையே நம் பெரியவருக்குச் சான்றாயிற்று. அப்பணத்தில்தான் அவர் தம் வீட்டுக்குக் கூரை போட்டார்.

இன்னும் ஒன்று சொல்லி முடிப்போம். நாம் புனித நாட்டிலிருந்து திரும்பிய சில வாரங்களில், 2023 மார்ச்சுத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் மாநிலத் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்யான படங்கள் நாடெங்கும் பரவின. வேறொரு நிகழ்ச்சியின் படத்தைக் காட்டி, இது இங்கே நடந்தது என்றார்கள். உண்மையன்று என்று அரசும் காவல்துறையும் விளக்குமுன் பலர் அஞ்சி இரயிலேறினர். நம் பங்கின் எல்லையில் மீன் பதனிடும் கூடத்தில் வேலை செய்யும் வடநாட்டு இளைஞர்கள் அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தனர். அவர்கள் அயல்நாட்டார் அல்லர், நம் நாட்டவரே. ஆயினும் மொழி தெரியாத ஊரில், இரவில் கதவு தட்டப்பட்டால் எழும் அச்சம் ஒன்றே.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பெரியவர் நம் அறைவாயிலில் வந்து நின்றார். கையில் கோடு போட்ட புதிய நோட்டு. "வாருங்கள் சாமி, போவோம்" என்றார். சென்றோம். நம்மைக் கண்டு முதலில் கதவு திறக்கவில்லை. குவைத்தில் வடநாட்டாரோடு பழகிக் கற்ற இந்தியில் பெரியவர் வெளியே நின்று பேசினார். கதவு திறந்தது. அன்று அவர் ஒருவர் ஒருவராக அமர்த்தி, பெயர், ஊர், தாய் தந்தையர் பெயர், வீட்டுத் தொலைபேசி எண் என்று எழுதினார். நம் பங்கு இல்லத்தின் எண்ணை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். மாலையில் நம் இளைஞர்கள் சோறும் குழம்பும் கொண்டுசென்றனர். யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை.

எழுதி முடித்துப் பெரியவர் நோட்டை நம்மிடம் தந்தார். எண்ணிப் பார்த்தோம், 27 பெயர்கள். "யாராவது விட்டுப்போயிற்றா என்று நாளைக்கு மறுபடியும் போய்க் கேட்க வேண்டும் சாமி" என்றார். மறுநாள் சென்று கேட்டார். இரவு வேலைக்குப் போயிருந்த இருவர் விட்டுப்போயிருந்தனர். அவர்கள் பெயரையும் எழுதினார்.

அந்நோட்டு நம் பங்கு அலுவலகத்தில், திருமுழுக்குப் பதிவேட்டின் பக்கத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை பெரியவர் வந்து, போனவர் வந்தவர் பெயரைத் திருத்தி எழுதுகிறார். ஒவ்வொரு பங்கிலும் இத்தகைய ஏடு இரண்டு இருக்கலாம். நம்மை விட்டு வெளியே சென்றிருப்போர் பெயருக்கு ஒன்று. நம்மை நம்பி உள்ளே வந்திருப்போர் பெயருக்கு ஒன்று. நம் பிள்ளையின் பெயரை எங்கோ ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டும் என்று விழைகிறோம் அல்லவா? அவர் நம் வீட்டு வாசலில் நிற்கும் ஒருவனின் தகப்பனாராக இருக்கலாம்.